தூணி நெல்லும் நரசிம்மர் முகமும்

(தஞ்சையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பெரிய கோயிலில் ஒரு நாடகத்தைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் பேரன் இரண்டாம் இராசேந்திரன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வைகாசித் திருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விசயராசேந்திர ஆச்சாரியனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல் என்று நிவந்தம் விடப்பட்டது. தூணி என்றால் நான்கு மரக்கால். மூன்று தூணி ஒரு கலம். ஆண்டுக்கு 120 கலம் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். அளக்கிற மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். கூத்தனுக்குக் கூலி அளக்க நடராசன் பெயரில் ஒரு மரக்கால்!

அந்த நாடகத்தில் என்ன கதை, யார் யார் பாத்திரம், எத்தனை பாட்டு? ஒன்றும் நமக்குத் தெரியாது. பிரதி அழிந்துவிட்டது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஆனால் அதை ஆடியவனுக்கு எவ்வளவு நெல், எந்த மரக்காலால், எந்த மாதத்துக்காக என்பதெல்லாம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாகக் கல்லில் நிற்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்த பொருள் சமய நாடகம். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் தேவாலயத்தை ஒட்டி எழுந்த நாடகங்களையும், நம் காவிரிப் படுகையில் கோயிலை ஒட்டி எழுந்த நாடகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். நாடகத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். சமய நாடகத்தை அப்படிப் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்பது என் கட்சி. யார் நெல் கொடுத்தார்கள், யாருடைய முறை, எந்த மாதம், எந்தச் சந்நிதி என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். நாடகம் வாழ்வதும் சாவதும் அந்தக் கணக்கில்தான்.

இங்கிலாந்தில் காவன்ட்ரி என்று ஒரு ஊர். அங்கே கைவினைஞர் சங்கங்கள் நாடகம் போட்டன. அந்த ஊர் நாடகங்களில் இரண்டே இரண்டின் பிரதிதான் இன்று கைவசம் இருக்கிறது. ஆனால் செலவுக் கணக்கு நிறைய மிஞ்சியிருக்கிறது. சேவல் மாதிரி கூவியவருக்கு நாலு பென்னி. யூதாசைத் தூக்கிலிட்டவருக்கு நாலு பென்னி; சேவல் கூவியவரேதான் அவரும். நரகத்தின் வாயில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவருக்கு நாலு பென்னி. கடைசித் தீர்ப்பு நாளில் உலகத்துக்கே தீ வைத்தவருக்கு ஐந்து பென்னி. தூணி நெல்லையும் இந்த நாலு பென்னியையும் சேர்த்துப் பார்க்கும்போது, எங்கோ இருந்த இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது தெரிகிறது. தெய்வத்துக்கு முன்னால் ஆடுகிறவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட வேண்டும் என்ற கவனம் இரண்டிலும் இருக்கிறது.

ஐரோப்பாவில் இது எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்காலை வழிபாட்டில் ஒரு சிறு உரையாடல். கல்லறையைத் தேடி மூன்று பெண்கள் வருகிறார்கள். யாரைத் தேடுகிறீர்கள் என்று தேவதூதர் கேட்கிறார். இயேசுவை என்கிறார்கள். அவர் இங்கே இல்லை, உயிர்த்துவிட்டார் என்கிறார் தூதர். இவ்வளவுதான். 10ஆம் நூற்றாண்டில் இதைத் துறவிகள் இலத்தீனில் பாடினார்கள். 970 வாக்கில் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்ட் இதை எப்படி நடிக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார். ஒரு துறவி வெள்ளை உடையில், கையில் குருத்தோலையோடு கல்லறை அருகே உட்கார வேண்டும். மற்ற மூவர் தூபக்கலசம் ஏந்தி, எதையோ தேடுகிறவர்களைப் போல மெல்ல மெல்ல வர வேண்டும். அந்த மூன்று பெண்களாக நடித்தவர்களும் ஆண்கள்தான். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1264இல் போப் நான்காம் அர்பன் நற்கருணைப் பெருவிழா என்று ஒரு புதுத் திருநாளை ஏற்படுத்தினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் நாடகம் வேறு வடிவம் எடுத்தது. கோயிலுக்குள் இருந்தது வீதிக்கு வந்தது. இலத்தீனில் இருந்தது ஊர்ப் பேச்சுக்கு வந்தது. துறவிகளிடம் இருந்தது தச்சர், கொல்லர், ரொட்டிக்காரர் கைக்கு வந்தது. யார்க் நகரத்தில் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கடைசித் தீர்ப்பு வரைக்கும் 48 நாடகங்கள், ஒரே நாளில், சக்கர வண்டிகளில். விடிவதற்கு முன்பே முதல் வண்டி புறப்படும். குறித்த ஒவ்வோர் இடத்திலும் நின்று ஆடிவிட்டு நகரும். கடைசி வண்டி முடிக்க நள்ளிரவு ஆகும்.

நம்மவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் வேண்டாம். மண்டகப்படி என்று சொன்னால் போதும். பத்து நாள் திருவிழாவில் இன்ன நாள் எண்ணெய் வாணிபர் மண்டகப்படி, இன்ன நாள் நெல் வியாபாரிகள் மண்டகப்படி என்று நாம் பிரித்துக்கொள்கிறோம் அல்லவா? யார்க்கில் அதே மாதிரி கதையைப் பிரித்துக்கொண்டார்கள். நோவா பேழை கட்டுகிற காட்சி கப்பல் கட்டுகிறவர்களுக்கு. பெருவெள்ளம் மீனவருக்கும் மாலுமிகளுக்கும். கடைசி இராப்போசனம் ரொட்டி சுடுகிறவர்களுக்கு. சிலுவையில் அறைகிற காட்சி ஆணி, ஊசி செய்கிறவர்களுக்கு.

அந்த ஆணிக்காரர்களின் நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான்கு சிப்பாய்கள் வருகிறார்கள். சிலுவையைத் தரையில் கிடத்தி, இயேசுவை அதன்மேல் படுக்க வைத்து ஆணி அடிக்கிறார்கள். துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்கள், கை எட்டவில்லை. கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஒருவன் முதுகு வலிக்கிறது என்கிறான். இன்னொருவன் மூச்சு வாங்குகிறது என்கிறான். தூக்கி நிறுத்தினால் குழி அகலமாகப் போய்விட்டது, சிலுவை ஆடுகிறது, ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். முழுக்க முழுக்க வேலையிடத்துப் பேச்சு. அதைப் பேசுகிறவர்கள் நிசமாகவே ஆணி செய்கிறவர்கள். பார்க்கிறவர்களும் தினமும் அந்த வகை வேலை செய்கிறவர்கள். வேலையைச் சரியாகச் செய்வதில் மூழ்கிப்போன நால்வருக்கு, யாரை அறைகிறோம் என்பது கண்ணில் படவே இல்லை. இதைவிடக் கூர்மையாக அந்தக் காட்சியை எந்தப் பெரிய கவிஞனும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு பொருத்தம். நற்கருணைப் பெருவிழா ஆண்டுக்கு ஆண்டு மாறும். மே 21க்கும் ஜூன் 24க்கும் இடையில் வரும். நம் கணக்கில் வைகாசி, ஆனி. இராசராசேசுவர நாடகம் வைகாசி. இனி நான் சொல்லப்போகிற மெலட்டூர் நாடகம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, அதுவும் வைகாசிப் பக்கம்தான். அவர்களுக்கு அது நீண்ட பகல் கிடைக்கும் காலம். நமக்கோ? சம்பாவும் தாளடியும் அறுத்துக் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. வயல் வெடித்துக் கிடக்கிறது. ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால்தான் குறுவைக்கு நாற்றங்கால். மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்கு முந்தியும் புதுவெள்ளம் வரும் காலம் ஏறக்குறைய அதுதான். ஆக, குதிரில் நெல் இருக்கிறது, கையில் வேலை இல்லை, இரவு வெக்கையில் தூக்கம் வராது. விடிய விடிய நாடகம் பார்க்க இதைவிட நல்ல மாதம் எது? நம் சமய நாடகத்தின் பருவத்தை முடிவு செய்ததில் பஞ்சாங்கத்துக்கு இருக்கிற பங்கு காவிரிக்கும் உண்டு.

இனி மெலட்டூர்.

பாபநாசம் வட்டத்தில் இருக்கிற அந்த அக்கிரகாரத்துக்கு நாடகம் வந்த வழி நீளமானது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் விழுந்தது. அதற்கு முன்பே, 1532இல், தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியிருந்தது. வடக்கே பிழைப்புக் கெட்டுப்போன தெலுங்குப் புலவர்களும் பாகவதர்களும் காவிரிக்கரைக்கு வந்தார்கள். அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்து இங்கே குடியமர்த்தினார் என்பது ஊர் வழக்கு. உன்னதபுரி எனப்பட்ட அந்த ஊருக்கு அவர் பெயரால் அச்சுதபுரம் என்ற பெயரும் வழங்கியது. வரகூரில் வாழ்ந்த நாராயண தீர்த்தர் பாடிய கிருஷ்ண லீலா தரங்கிணி இந்த நாடக மரபுக்கு ஊற்றுக்கண் என்று பாகவதர்கள் சொல்வார்கள். மெலட்டூர் வீரபத்ரய்யா இன்னொருவர். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதர் அவரிடம்தான் இசை கற்றார். கர்நாடக இசையின் வேர்கள் இந்த நாடக ஊர்களுக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றன என்பதற்கு அது ஒன்றே சான்று.

தியாகராசரின் காலத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரிதான் இன்று ஆடப்படும் நாடகங்களை எழுதியவர். பிரகலாத சரித்திரம், மார்க்கண்டேய சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திரா, ருக்மாங்கதா, சீதா கல்யாணம் என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாம் தெலுங்கு. பாத்திரம் உள்ளே வருகிறபோது பாடுகிற பிரவேச தரு, கேள்வி பதிலாகப் பாடுகிற தரு, நடுவே வசனம், இடையிடையே சொற்கட்டு, அடவு என்று இசையும் நாட்டியமும் நடிப்பும் பின்னியது. தியாகராசரே பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என்று இரண்டு இசை நாடகங்கள் செய்தார். திருவையாற்றிலிருந்து மெலட்டூர் வரைக்குமான அந்தச் சிறு வட்டத்துக்குள் நாடகக் காற்று எவ்வளவு பலமாக வீசியிருக்க வேண்டும்! மெலட்டூர் மட்டுமல்ல. சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் எல்லாம் பாகவத மேளா என்ற இந்த நாடகத்தை ஆடிய ஊர்கள்.

பிரகலாத சரித்திரம் ஆடும் இரவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வரதராசப் பெருமாள் கோயிலுக்கு எதிரே, தெருவிலேயே பந்தல். பெருமாளின் பார்வை படும்படி மேடை. முதல் பார்வையாளர் அவர்தான். நாமெல்லாம் அவருக்குப் பிறகு. ஊர் சாப்பிட்டு முடித்து உட்கார இரவு பத்து மணி ஆகும். முதலில் கோணங்கி வருகிறான். கூம்புத் தொப்பி, துள்ளல் ஆட்டம். அவன் வந்து சபையை அடக்குகிறான். பிறகு தோடய மங்கலம். பிறகு ஒரு சின்னப் பையன் யானைமுகம் கட்டிக்கொண்டு பிள்ளையாராக வருகிறான். இந்தப் பிள்ளையார் வேடத்தைப் பிள்ளைகளுக்காக நேர்ந்துகொள்வார்கள். பழனிக்கு மொட்டை நேர்ந்துகொள்வதைப் போல, நாடகத்தில் ஒரு வேடத்தை நேர்ந்துகொள்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அப்புறம் கட்டியக்காரன் வந்து இரணியனின் பெருமை பேசி வரவை அறிவிக்கிறான். திரைச்சீலைக்குப் பின்னால் சலங்கை. திரை விலகினால் இரணியன்.

நடுச்சாமத்தில் இரணியனின் மனைவி லீலாவதி வருகிறாள். நடிப்பது ஆண்தான். கணவன் பக்கமா, பிள்ளை பக்கமா என்று கிழிபட்டு நிற்கிற தாய். மகனுக்கு நஞ்சு கொடுக்கச் சொல்லி அவள் கையிலேயே கிண்ணத்தைத் தருகிறார்கள். தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாத நம் பெண்கள் அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மெலட்டூரில் பெண் வேடத்துக்கென்றே புகழ்பெற்றவர்கள் வழிவழியாக இருந்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தக் கலையைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவரான பரதம் நடேசய்யர் அப்படிப்பட்டவர். வின்செஸ்டரில் மூன்று துறவிகள் மூன்று பெண்களாக நடந்து வந்ததை முன்பு சொன்னேன். பெண்ணை மேடையில் ஏற்றாத குறை இரண்டு மரபிலும் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். அந்தக் குறைக்குள்ளிருந்தே பெண் மனத்தை ஆண் உடலில் காட்டுகிற ஒரு நுட்பம் வளர்ந்ததையும் மறைக்க மாட்டேன்.

விடியற்காலை நெருங்கும்போது தூண். நரசிம்மர் முகம் சாதாரண நாட்களில் கோயிலில் இருக்கிறது, பூசை நடக்கிறது. அன்றைக்கு அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார். எங்கே உன் அரி என்று இரணியன் கேட்கிறான். தூண் பிளக்கிறது. முகத்தைக் கண்டதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். கைகள் தலைக்குமேல் போகின்றன. கற்பூரம் காட்டப்படுகிறது. இப்போது அது நாடகமா, சேவையா? கேட்கத் தோன்றாது. முகம் அணிந்தவருக்கு ஆவேசம் ஏறிவிடும். நாலைந்து பேர் பின்னால் நின்று அவரைப் பிடித்திருப்பார்கள். இரணியனையும் பிடித்திருப்பார்கள். இருவரையும் நெருங்கவிடாமல் காப்பதுதான் அந்த நேரத்து முக்கிய வேலை. குடலைக் கிழிப்பதை மேடையில் காட்டுவதில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் நம் நாட்டில் மட்டும் நடக்கிற விஷயம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. 1437இல், இன்று பிரான்சில் இருக்கிற மெட்ஸ் நகரில், இயேசுவின் பாடுகளின் நாடகம் நடந்தது. இயேசுவாக நடித்தவர் ஒரு பங்குச் சாமியார். சிலுவையிலேயே உயிர் போகும் நிலைக்கு வந்துவிட்டார். இறக்கிக் காப்பாற்றினார்கள். யூதாசாக நடித்தவரும் ஒரு சாமியார்தான். தூக்கில் அதிக நேரம் தொங்கி மூர்ச்சையாகிவிட்டார். அவசரமாக அறுத்து இறக்கி, காடி தேய்த்துத் தெளிய வைத்தார்கள். தெய்வ நாடகத்தில் உடலைப் பணயம் வைப்பதும், அந்த உடலைச் சுற்றி நாலு பேர் காவல் நிற்பதும் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது.

வில்லன் விஷயமும் அப்படித்தான். ஐரோப்பாவில் கூட்டத்தைச் சேர்த்தவன் ஏரோது மன்னன். காவன்ட்ரி நாடகத்தில் அவன் வண்டியிலிருந்து வீதிக்கே இறங்கி வந்து, கூட்டத்துக்குள் புகுந்து கொக்கரிக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. நம் ஊரில் இரணியன். நாடகத்தின் கனமான வேடம் அதுதான். தொண்டையும் தொடையும் இரும்பாக இருந்தால்தான் தாங்கும். அந்த வேடத்தின் கம்பீரத்தில் வேறொரு நியாயத்தைப் பார்த்தவர்களும் உண்டு. 1934இல் பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தைப் பெரியார் முன்னிலையில் அரங்கேற்றினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது. ஒரே கதை பெருமாள் சந்நிதியிலும் ஆடப்பட்டது, சுயமரியாதை மேடையிலும் ஆடப்பட்டது என்றால், அந்தக் கதை நம் மண்ணில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைக்கிற ஒன்று இருக்கிறது. பாகவத மேளா அக்கிரகாரத்து ஆண்களின் நாடகம். ஆனால் தஞ்சை மாவட்டத்தில் இரணியன் கதை அக்கிரகாரத்தோடு நிற்கவில்லை. ஆர்சுத்திப்பட்டு, நார்த்தேவன்குடிக்காடு போன்ற ஊர்களில் உழவர் குடும்பங்கள் இரணிய நாடகத்தைத் தமிழில் ஆடி வந்திருக்கின்றன. பகலில் மண்வெட்டி பிடித்த கை இரவில் கதாயுதம் பிடிக்கிறது. ஒரே பாத்திரத்தை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வேடம் கட்டி ஆடுகிற வழக்கமும் அங்கே உண்டு. ஊரில் வேடம் கேட்கிறவர்கள் நிறைய இருந்தால் நாடகம் அவர்களுக்கு இடம் கொடுத்து விரிகிறது.

ஐரோப்பாவில் இலத்தீனில் துறவிகள் பாடியது ஊர்மொழிக்கு இறங்கி வந்து ஆணிக்காரர் கையில் உயரம் தொட்டது என்று சொன்னேன். அவர்களுடைய அறிஞர்கள் இரண்டையும் ஒரே மரபின் இரண்டு கிளைகளாக வைத்து, வரி வரியாகப் பதிப்பித்து, ஊர்க் கணக்குகளைக்கூட அச்சிட்டுவிட்டார்கள். நாம் என்ன செய்தோம்? மெலட்டூரைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினோம். நல்லது. வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் நலிந்துபோன கலையை உலகுக்குக் காட்டினார். 1930களின் இறுதியில் ஊரார் அதை மீட்டெடுத்தார்கள். பாலு பாகவதர் போன்றோர் காத்தார்கள். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவுக்குக் கொண்டுபோய் உஷா பரிணயம் முதலியவற்றை மேடையேற்றினார். ஆனால் தமிழ் இரணிய நாடகத்துக்கு அந்தக் கவனத்தில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. அது உழவனுடைய நாடகம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இது நீதியாகாது.

ஐரோப்பிய நாடகங்கள் எப்படி முடிந்தன? மக்கள் சலித்து விடவில்லை. 1548இல் பாரிஸ் உயர்நீதி மன்றம் சமய நாடகத்தைத் தடை செய்தது. இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் வந்தது. பழைய சமயத்தின் வாசனை அடிக்கிறது என்று மேலிடம் முகம் சுளித்தது. யார்க்கில் 1569தான் கடைசி. காவன்ட்ரியில் 1579. யார்க் நாடகங்களின் ஒரே ஒரு பிரதி தப்பிப் பிழைத்து, 1951இல் அங்கே மீண்டும் மேடையேறியது. நடுவே ஏறக்குறைய நானூறு ஆண்டு வெறுமை. அதிலும் சில ஊர்கள் தப்பின. ஸ்பெயினில் எல்சே ஊரில் மாதாவின் விண்ணேற்பு நாடகத்தை ஆகஸ்ட் 14, 15இல் கோயிலுக்குள்ளேயே இன்றும் பாடி நடிக்கிறார்கள். செருமனியில் ஓபராமர்காவ் கிராமம் 1633இல் கொள்ளைநோய் வந்தபோது நேர்ந்துகொண்டு, 1634இல் முதல் நாடகம் போட்டது. பத்தாண்டுக்கு ஒரு முறை இன்றும் போடுகிறார்கள். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் வேடம். யூதர்களை இழிவாகக் காட்டிய பகுதிகளை அவர்கள் அண்மைக் காலத்தில் திருத்தியும் எழுதினார்கள். நேர்ச்சையைக் காப்பாற்றிக்கொண்டே பழைய அநியாயத்தைக் களைய முடியும் என்பதற்கு அது ஒரு பாடம்.

அந்த மரபு தமிழுக்கும் வந்தது. நம் கத்தோலிக்கக் கிராமங்களின் பாஸ்கா நாடகமும், ஈழத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கக் கூத்துகளும் அதன் தமிழ்ப் பிள்ளைகள். மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் நாடகம் போட்டது.

நம் பாகவத மேளாவை யாரும் தடை செய்யவில்லை. அதன் கணக்குதான் மாறியது. 1855இல் தஞ்சை மராட்டியர் வழி முடிந்தது. ஆதரவு சென்னைக்குப் போனது. படித்த பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போனார்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961இல் நில உச்சவரம்பு. உழைத்தவனுக்கு உரிமை தந்த சட்டங்கள் அவை. வர வேண்டியவை, தாமதமாகவே வந்தவை. அக்கிரகாரத்தின் குதிர் காலியானது. குதிரை நம்பியிருந்த நாடகம் ஊத்துக்காட்டிலும் சூலமங்கலத்திலும் நின்றுபோனது. மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் நிற்கவில்லை. வித்தியாசம் எங்கே? சென்னையிலும் பெங்களூரிலும் வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் வேலை பார்க்கிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அப்பா கட்டிய வேடத்தைக் கட்டுகிறார்கள். நெல் போய், விடுப்பு நாள் வந்து சேர்ந்தது. தூணி நெல்லின் இடத்தில் இன்று அவர்களுடைய ஈட்டிய விடுப்பு இருக்கிறது. ஒரு கலை தன் கூலியை இப்படி மாற்றிக்கொண்டு பிழைத்ததைப் பார்த்து நான் உண்மையில் மெய்சிலிர்த்துப் போகிறேன்.

ஆகவே சிலவற்றைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். இந்த நாடகங்களை ஒன்றரை மணி நேரமாக வெட்டி, குளிர்சாதன சபாவுக்குக் கொண்டுபோவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். சந்நிதியும் விடியலும் போனால் தூண் பிளப்பதில் பொருளில்லை. அடுத்த வைகாசியில் மெலட்டூருக்கோ சாலியமங்கலத்துக்கோ போய், கோணங்கி வருவதிலிருந்து மங்கலம் பாடுவது வரை உட்கார்ந்து பாருங்கள். இங்கே இருக்கிற மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சரசுவதி மகாலில் தெலுங்கு, மராத்தி நாடக ஏடுகள் பாதுகாப்பாக இருக்கின்றன. தமிழ் இரணிய நாடக ஏடுகளும் நோட்டுப் புத்தகங்களும் ஊர்களில் பரணிலும் தகரப்பெட்டியிலும் இருக்கின்றன. அந்த ஊர்களுக்குப் போங்கள். பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டு, படியெடுத்து, பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யார் யார் எந்த வேடம் கட்டினார்கள், யார் அரிசி கொடுத்தார்கள், யார் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலையை இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள். பாட்டு நினைவிருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் வயதானவர்கள்.